பேலட் பலகையும் பெண் கையும்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம் முன்னோர் வாக்கு. பேச்சுப் போட்டி மேடைகளில் இப்பழமொழியை முழங்காத மாணவியர் நம்முள் குறைவு. எனினும், ஊசியும் கத்தரிக்கோலும் தவிர வேறெந்தக் கருவியையும் கையால் தொட்டறியாமலே பள்ளிப் படிப்பை முடித்துச் செல்லும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? தையல் கற்கிறோம், பின்னல் கற்கிறோம், பூவேலை கற்கிறோம். இவை யாவும் நல்ல கலைகளே. ஆனால் சுத்தியலும் உளியும் இழைப்புளியும் மட்டும் நம் கைக்கு எட்டாத பொருள்களாக இருப்பதேன்? மரத்தின் விலை அதிகம் என்பது ஒரு விடை. பெண்களுக்கு அது ஏற்ற வேலையன்று என்பது மற்றொரு விடை. இவ்விரண்டு விடைகளும் பொருந்தா என்பதே எங்கள் கருத்து.

இவ்வாண்டு சனிக்கிழமைகளில், பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பதினான்கு பேர் தச்சு வேலை பயின்றோம். கற்பித்தவர் அறுபது வயது கடந்த ஓர் ஆசாரி ஐயா. கற்கப் பயன்பட்ட மரமோ கடையில் வாங்கிய தேக்கன்று. சரக்குக் கிடங்குகள் கழித்துத் தள்ளிய பேலட் பலகை. இப்பயிற்சி அடுத்த ஆண்டும் தொடர வேண்டுமா என்ற கேள்வி பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் எழுந்தது. வேண்டும் என்றோர் சிலர். வேண்டாம் என்றோர் பலர். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் எங்கள் எண்ணத்தைப் பெற்றோர்க்கும், அருட்சகோதரியர்க்கும், எங்களுக்குப் பின் வரும் தங்கையர்க்கும் இம்மலரின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் பேலட் என்பது யாதெனக் காண்போம். நம் தூத்துக்குடி துறைமுக நகரம். 1974 ஜூலை 11 அன்று நாட்டின் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ. உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம் நம்முடையது. இத்தகைய துறைமுகங்களில் வந்திறங்கும் இயந்திரப் பெட்டியோ, காகிதச் சுருளோ, பீப்பாயோ பெரும்பாலும் வெறுந்தரையில் வைக்கப்படுவதில்லை. அதன் அடியில் பலகைகளை அடுக்கி ஆணி அடித்த ஒரு மரத்தட்டு இருக்கும். அதுவே பேலட். ஃபோர்க்லிஃப்ட் வண்டி தன் இரண்டு இரும்புக் கைகளை அத்தட்டின் இடைவெளியில் நுழைத்துச் சரக்கோடு சேர்த்துத் தூக்கிவிடும். பத்துப் பேர் அரை நாள் சுமக்கும் மூட்டைகளை ஒருவர் சில நிமிடங்களில் நகர்த்த முடிவது இந்த எளிய தட்டினால்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது படைகளுக்குத் தளவாடம் அனுப்பும் வேலையில் இத்தட்டுகள் பெருகின. போர் முடிந்தபின் வாணிபத்துக்கு வந்தன. 1961-இல் ஐரோப்பிய இரயில்வே அமைப்புகள் ஒரே அளவுள்ள தட்டுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதென உடன்பாடு செய்துகொண்டன. அந்த ஐரோப்பியத் தட்டின் நீளம் 1200 மில்லி மீட்டர், அகலம் 800 மில்லி மீட்டர். அதில் 11 பலகைகள், 9 கட்டைகள், 78 ஆணிகள். எடை ஏறத்தாழ 25 கிலோ. ஆனால் அது தாங்கும் சுமையோ ஒன்றரை டன்! தன் எடையைப் போல் அறுபது மடங்கைச் சுமக்கும் ஒரு பொருளை, ஒரு பலகை ஒடிந்தது என்பதற்காகக் குப்பை என்று சொல்லத் தகுமா?

உண்மையில் ஒடிந்த பலகையை மாற்றி, பேலட்டைப் பேலட்டாகவே மறுபடி பயன்படுத்துவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. அதைச் செய்யும் பட்டறைகளும் உண்டு. அதற்கும் உதவாதவை பழைய மர வியாபாரியின் வண்டியில் ஏறுகின்றன. நல்ல பலகையும் கெட்ட பலகையும் ஒன்றாகப் பிளக்கப்பட்டு விறகாகின்றன. குளிர்நாட்டுக் காட்டில் பல்லாண்டுகள் வளர்ந்து, கடல் கடந்து வந்த பைன் மரத்தின் கதை ஒரு காலைப் பொழுதில் அடுப்புச் சாம்பலாக முடிந்துவிடுகிறது.

அந்த மரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் எத்தனை செய்திகள்! பைன் பலகையின் வெட்டுமுகத்தில் வெளிறிய பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி வரும். கோடைத் தொடக்கத்தில் விரைந்து வளர்ந்த பகுதி வெளிறியது. பருவம் முடியும் வேளையில் மெல்ல வளர்ந்த பகுதி கரியது. இரண்டும் சேர்ந்தால் ஓராண்டு. தாவரவியல் நூலில் படமாகப் பார்த்த ஆண்டு வளையத்தை விரலால் தடவி எண்ணினோம். பேலட்டுகள் பைன் மரத்தால் மட்டும் ஆனவை அல்ல. கேரளத்தில் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரத்தை வெட்டியபின், அதன் பலகையும் இவ்வேலைக்கு வருகிறது. அதில் அந்த வளையம் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. குளிரும் வெப்பமும் மாறி மாறி வரும் நாட்டு மரத்துக்கும், ஆண்டு முழுதும் வெப்பமுள்ள நாட்டு மரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு துண்டுப் பலகைகள் அருகருகே நின்று விளக்கிவிட்டன.

இனி, கூட்டத்தில் எழுந்த ஐயங்களுக்கு வருவோம். "எந்த மருந்தில் தோய்ந்த மரமோ, யார் கண்டார்?" என்று ஒரு தாயார் கேட்டார். மிகவும் நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரியாமல் எந்தப் பலகையையும் தொடக்கூடாது என்பதே எங்கள் பயிற்சியின் முதற்பாடமாகவும் இருந்தது.

நாடு விட்டு நாடு செல்லும் பேலட்டில் சூடு போட்டதுபோல் ஒரு முத்திரை இருக்கும். கதிர் போன்ற ஒரு சின்னமும், அதனருகே ஐ.பி.பி.சி. என்ற எழுத்துகளும், நாட்டின் பெயரைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும், தயாரித்தவருக்குரிய எண்ணும், மரத்தைப் பதப்படுத்திய முறையைக் காட்டும் இரண்டு எழுத்துகளும் அதில் காணலாம். இம்முத்திரை ஏன் வந்தது? மரத்தோடு மரமாகப் பூச்சிகளும் பயணம் செய்ததால் வந்தது. ஆசியாவைச் சேர்ந்த நீண்ட கொம்பு வண்டு ஒன்று, சரக்குப் பெட்டி மரத்துக்குள் ஒளிந்து சென்று, 1996-இல் நியூயார்க் நகரின் சாலையோர மரங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. பைன் மரங்களை வாடச் செய்யும் நூற்புழு 1999-இல் போர்ச்சுகலில் தென்பட்டது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிச் சாய்த்தும் தொல்லை தீரவில்லை. ஆகவே 2002-இல், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பைச் சார்ந்த தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ், சரக்குக் கட்டும் மரத்துக்கெனப் பன்னாட்டு விதி ஒன்று வகுக்கப்பட்டது. மரத்தின் பட்டையை உரித்து, பூச்சியை ஒழித்து, முத்திரை இட்ட பிறகே அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம்.

எச்.டி. என்று இருந்தால் அம்மரம் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் சூடு ஏறி, அது 30 நிமிடம் தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். இதில் மருந்து எதுவுமில்லை, வெறும் வெப்பம்தான். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டது. அவ்வாயு பூமியைக் காக்கும் ஓசோன் படலத்தைக் கெடுப்பது. மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி அதன் பொதுப் பயன்பாடு வளர்ந்த நாடுகளில் 2005-லும், வளரும் நாடுகளில் 2015-லும் நிறுத்தப்பட வேண்டியதாயிற்று. பயிர்ப்பூச்சி ஊர் விட்டு ஊர் பரவாமல் தடுக்கும் பணிக்கு மட்டும் விலக்கு உண்டு. புகையூட்டிய வாயு நாளடைவில் வெளியேறிவிடும் என்பது உண்மையே. எனினும், தேர்ந்தெடுக்க வேறு மரம் இருக்கும்போது ஐயத்துக்குரியதை நாம் ஏன் எடுக்க வேண்டும்? எம்.பி. முத்திரை கண்டால் விலக்கிவிடுவது எங்கள் விதி.

இதைவிட முக்கியமான மற்றொன்றையும் சொல்ல வேண்டும். முத்திரை பூச்சியைப் பற்றி மட்டுமே சொல்லும். அப்பலகை பிறகு என்ன சுமந்தது என்பதைச் சொல்லாது. அதன்மேல் எண்ணெய் கொட்டியிருக்கலாம். பூச்சிமருந்துப் பீப்பாய் ஒழுகியிருக்கலாம். உள்நாட்டிலேயே சுற்றும் பேலட்டுகளில் முத்திரையே இராது. ஆதலால் கண்ணும் மூக்கும் நமக்குத் துணை வேண்டும். கறை படிந்தது, நெடி வீசுவது, பிசுபிசுப்பது, பூசணம் பிடித்தது, பழைய வண்ணம் பூசியது ஆகிய எதையும் எடுப்பதில்லை. எடுத்த நல்ல பலகையிலும் காய் நறுக்கும் பலகையோ, குழந்தை வாயில் வைக்கும் பொம்மையோ செய்வதில்லை. இந்த எச்சரிக்கைகளைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இங்கே பெற்றோரைப் பார்த்து நாங்களும் ஒரு கேள்வி கேட்கலாமா? மருந்து படிந்த மரத்தைப் பிள்ளைகள் தொடலாகாது என்று அஞ்சுகிறீர்கள். அதே மரம் விறகாக வந்தால் என்ன விறகு என்று எவரும் கேட்பதில்லை. வண்ணம் பூசியதும், இரசாயனம் ஊறியதும் அடுப்பில் எரியும்போது எழும் புகை, ஊதுகுழலும் கையுமாக முன்னால் குனிந்திருக்கும் அம்மாவின் நெஞ்சுக்குள்தான் போகிறது. பலகையைப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் வீட்டில் இருந்தால், "அம்மா, இது அடுப்புக்கு ஆகாது" என்று அவள் தடுப்பாள். எங்களுள் மூவர் இவ்வாண்டு தம் வீட்டில் அவ்வாறு தடுத்திருக்கிறார்கள். இந்த ஒரு பயனே இப்பயிற்சியைத் தொடரப் போதுமானதன்றோ?

அடுத்த ஐயம், "விரல் போய்விட்டால்?" என்பது. அன்புடன் எழும் அச்சம் இது, இகழத்தக்கதன்று. எனினும் சிந்தித்துப் பாருங்கள். பத்து வயதில் அரிவாள்மனைமுன் உட்கார்ந்து காய் நறுக்கப் பழகுகிறோம். பன்னிரண்டு வயதில் வழவழவென நழுவும் மீனை அதே அரிவாள்மனையில் அறுக்கிறோம். தேங்காய் துருவுகிறோம், கொதிக்கும் சோற்றை வடிக்கிறோம். அப்போதெல்லாம் போகாத விரல் ரம்பத்தைத் தொட்டவுடன் போய்விடுமா? ஆபத்தில்லாத கருவி எதுவுமில்லை. முறையாகக் கற்றவளைவிடக் கல்லாதவளுக்கே ஆபத்து அதிகம்.

முறை என்பது என்ன? வெறுங்காலோடு பட்டறைக்குள் வரக்கூடாது. துருப்பிடித்த ஆணி தரையில் கிடக்கும். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். தாவணியையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகி, சடையை முடிந்துகொள்ள வேண்டும். பேலட்டைப் பிரிக்கும்போது கையுறையும் கண்ணாடியும் வேண்டும். உப்புத்தாள் போடும்போது மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். மின்சாரக் கருவி ஒன்றையும் நாங்கள் தொடுவதில்லை. எல்லாம் கைக்கருவிகளே. இவ்வாண்டு நேர்ந்த காயங்கள் யாவும் சிராய் ஏறியதும் சுத்தியல் பட்டதும்தான். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய தேவை எவருக்கும் நேரவில்லை.

"படிப்பு கெடுமே" என்பது மூன்றாவது ஐயம். வேலையைப் பார்த்தால் இது தானே நீங்கும். பேலட்டின் ஆணி சாதாரண ஆணியன்று. அதன் உடலில் வரிவரியாக முறுக்கு இருக்கும். மரத்தைக் கவ்விக்கொண்டால் எளிதில் விடாது. பலகையின் நுனியைப் பிடித்து நெம்பினால், ஆணி அப்படியே நிற்க நுனி பிளந்துவிடும். ஆகவே நீண்ட நெம்புகோலைக் கட்டையின் இருபக்கமும் பலகைக்கடியில் கொடுத்துச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் பலகைக்கும் கட்டைக்கும் நடுவே ஆக்ஸா பிளேடை நுழைத்து ஆணியையே அறுத்துவிட வேண்டும். பலகையில் தங்கிய ஆணித்தலையைப் பின்புறமிருந்து தட்டி எடுக்கலாம். நெம்புகோலின் நீளம் கூடினால் விசை குறையும் என்று இயற்பியல் வகுப்பில் சூத்திரமாக எழுதினோம்; அதையே எங்கள் தோள்கள் சனிக்கிழமை உணர்ந்தன.

பிரித்த பலகைகளை நிழலில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே சிறு குச்சிகள் வைத்துக் காற்றுக்கு வழி விட வேண்டும். ஈரப் பலகையில் செய்த பெட்டி காய்ந்தபின் கோணும். இழைக்கும் முன் பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைப் பலகைமேல் ஓட்டுகிறோம். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணியைக் காந்தம் காட்டிக் கொடுக்கும். ஒரே ஓர் ஆணித்துண்டு போதும், இழைப்புளியின் அலகில் பல் விழுந்துவிடும். பிறகு மூலைமட்டம் வைத்துக் கோடு போடுகிறோம். மூலைமட்டம் இல்லாத இடத்தில், மூன்றடிக்கும் நான்கடிக்கும் ஐந்தடி குறுக்கே வந்தால் மூலை செங்கோணம் என்று ஆசாரி ஐயா கயிற்றால் அளந்து காட்டினார். பிதாகரஸ் தேற்றத்தை மனப்பாடம் செய்து மறந்தவர்கள்கூட அன்றுமுதல் மறக்கவில்லை. படிப்பைக் கெடுக்கும் வேலையா இது?

கையும் மூளையும் சேர்ந்து கற்க வேண்டும் என்பது புதிய கொள்கையுமன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்தே எல்லாப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்றது. நூற்பும் நெசவும் உழவும் போலவே தச்சும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. சுவீடன் நாட்டுப் பள்ளிகளில் இன்றும் கைவேலை கட்டாயப் பாடம். அங்கே ஆண் பிள்ளையும் தைக்கக் கற்கிறான். பெண் பிள்ளையும் மரம் அறுக்கக் கற்கிறாள்.

நான்காவது ஐயத்தை எவரும் மேடையில் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபின் வாசலில் நின்று சொன்னார்கள். "ஆசாரி வேலை நம் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்றார்கள். இதற்கு நாங்கள் மறைக்காமல் மறுமொழி கூற வேண்டும். தொழிலைச் சாதியோடு முடிச்சுப் போட்டு, கை அழுக்காகும் வேலையைத் தாழ்வென்றும், அழுக்காகாத வேலையை உயர்வென்றும் எண்ணும் நோய் நம்மிடையே இன்னும் இருக்கிறது. நாம் நாள்தோறும் வணங்கும் திருக்குடும்பத்தின் தலைவர் தச்சரல்லவா? உழைப்பாளர் நாளாகிய மே 1-ஐப் புனித சூசையப்பரின் திருநாளாக 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தது எதற்காக? சூசையப்பரின் சுரூபத்தின் கையில் மூலைமட்டத்தைக் கண்டு மாலை போடுகிறோம். நம் பிள்ளையின் கையில் அதே மூலைமட்டத்தைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். இது முறையாகுமா?

நம் ஊரின் பெருமைகளுள் ஒன்று தோணி. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தோணிகளைக் கட்டியவர்கள் நம் கரையின் ஓடாவிகள். பொறியியல் பட்டம் பெறாமலே, கண்ணளவாலும் கையளவாலும் கடலில் மிதக்கும் மாளிகையை அவர்கள் எழுப்பினார்கள். அந்த அறிவை நாம் மதிக்கிறோம் என்றால், அதில் ஒரு துளியேனும் கற்றுக்கொள்வதன்றோ உண்மையான மதிப்பு?

"குப்பை மரத்தில் செய்தது குப்பையாகத்தானே இருக்கும்?" என்றும் ஒருவர் கேட்டார். நெதர்லாந்து நாட்டில் கெரிட் ரீட்வெல்ட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் இருந்தார். தந்தையின் தச்சுப் பட்டறையில் தொழில் பயின்றவர். அவர் 1934-இல் சரக்குப் பெட்டிப் பலகையைக் கொண்டே ஒரு நாற்காலி வடிவமைத்தார். அது இன்று அருங்காட்சியகங்களில் இடம்பெற்றிருக்கிறது. இத்தாலியில் என்சோ மாரி என்பவர் 1974-இல், சாதாரணப் பலகையும் ஆணியும் சுத்தியலும் இருந்தால் எவரும் தாமே மேசையும் கட்டிலும் செய்துகொள்ளும்படியான வரைபடங்களை வெளியிட்டார். தபால் செலவை மட்டும் அனுப்பியவர்க்கு அவற்றை இலவசமாக வழங்கினார். தன் கையால் ஒரு மேசை செய்தவர், கடையில் காணும் மேசை நன்றாகச் செய்ததா இல்லையா என்பதைத் தாமே அறிவார் என்பது அவர் எண்ணம்.

எங்கள் பதினான்கு பேரின் படைப்புகள் அருங்காட்சியகத்துக்குரியவை அல்ல. எனினும் நம் பள்ளியில் அவற்றைக் காணலாம். முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆறு குட்டைப் பெஞ்சுகள். நூலகத்துக்கு இரண்டு அலமாரித் தட்டுகள். குடிநீர்ப் பானைக்கு ஒரு தாங்கி. மூலிகைத் தோட்டத்துக்கு நாற்றுப் பெட்டிகள். கடந்த கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அமைத்த குடிலும் இப்பலகையால் ஆனதே. பெஞ்சு ஒன்றில் ஆணித்துளையின் கறுப்பு வட்டம் அப்படியே தெரிகிறது. அதை மெழுகால் மறைக்கலாமா என்று கேட்டோம். "இருக்கட்டும் தாயி, அது வந்த வழி அது" என்றார் ஆசாரி ஐயா.

இம்மரத்தின் குறையையும் சொல்லிவிடுவதே நேர்மை. வீட்டுக் கதவுக்கோ, கூரைக்கோ இது உதவாது. பலகைகள் குட்டையானவை, கணு மிகுந்தவை, ஒன்றின் தடிமன் மற்றொன்றில் இராது. கரையானும் துளைக்கும் வண்டும் பைன் மரத்தை விரும்பும். மழை படும் இடத்தில் வைத்தால் நெடுநாள் உழைக்காது. பிரித்து, ஆணி எடுத்து, காயவைத்து, இழைக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் கடையில் பிளைவுட் வாங்குவதே சிக்கனம் என்று ஒருவர் வாதிடலாம். வியாபாரிக்கு அது சரி. கற்பவளுக்கு அது சரியன்று. விலையுயர்ந்த தேக்கைக் கையில் கொடுத்தால் வெட்ட அஞ்சுவாள். அஞ்சும் கை கற்காது. பேலட் பலகை கோணலாக அறுபட்டால் மற்றொன்றை எடுக்கலாம். கணுவும் கோணலும் உள்ள மரத்தில் பழகிய கைக்கு நல்ல மரம் எளிதாகிவிடும்.

அறம் பற்றிய ஒரு செய்தியும் உண்டு. கிடங்கின் வெளியே கிடக்கிறது என்பதாலேயே ஒரு பேலட் ஆளற்றதாகிவிடாது. முக்கியமாக நீல வண்ணம் பூசியவை வாடகைக்கு விடப்படுபவை. பத்தாண்டு கடந்தாலும் அவற்றுக்கு உடையவர் உண்டு. அவற்றை எடுப்பது திருட்டே. மற்றவற்றையும் கேட்டுத்தான் பெற வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வரவும் கூடாது. இம்மரத்தை வாங்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் நம் ஊரில் இருக்கின்றன. நம் பள்ளியிலும் அவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். விறகுக்கு என்ன விலையோ, அதைவிடச் சிறிது கூடவே கொடுத்து, நல்ல பலகைகளை அவர்களிடமிருந்தே வாங்க வேண்டும். நன்மை செய்கிறோம் என்ற பெயரில் ஏழையின் கையிலிருப்பதைப் பறித்துவிடலாகாது.

ஆகவே பெற்றோரையும் பள்ளி நிர்வாகத்தையும் நாங்கள் வேண்டுவது இவை. மழை ஒழுகாத ஓர் அறையும், பூட்டுள்ள ஒரு கருவிப்பெட்டியும் வேண்டும். பலகை வாங்கப் பள்ளியின் பெயரால் ஒரு கடிதமும் சிறு தொகையும் வேண்டும். ஆசாரி ஐயாவுக்கு அன்பளிப்பென்று அல்லாமல், மாதந்தோறும் ஊதியமென்றே கொடுக்க வேண்டும். ஆண்டு விழா மேடையில் மற்ற ஆசிரியர்களோடு அவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். விரும்பும் மாணவியர்க்குப் பெற்றோர் ஒப்புதல் கையெழுத்திட்டுத் தர வேண்டும். தையல் வகுப்பை நீக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. தையலுக்கு அருகே ஓர் இழைப்புளிக்கும் இடம் கொடுங்கள் என்றே கேட்கிறோம்.

தோழியரே! நாளை நாம் மருத்துவராகலாம், ஆசிரியையாகலாம், இல்லத்தரசியாகலாம், துறவறம் பூணலாம். எங்கிருந்தாலும் ஒரு கதவின் கீல் கழலும்; ஒரு நாற்காலியின் கால் ஆடும். அப்போது யாரேனும் வரட்டும் என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் பெண்ணாக இருக்கப் போகிறோமா, கருவிப்பெட்டியைத் திறக்கும் பெண்ணாக இருக்கப் போகிறோமா? பிறர் கழித்ததில் பயனைக் காணும் கண்ணும், அதைப் பயனுள்ளதாக ஆக்கும் கையும் பெண்ணுக்குச் சீதனமாக அமையட்டும். அந்தச் சீதனத்தை நகைக் கடையில் வாங்க முடியாது. பள்ளிதான் கொடுக்க முடியும். அடுத்த கூட்டத்தில் பெற்றோர் நல்ல முடிவு எடுப்பார்கள் என நம்புகிறோம். சனிக்கிழமைகளில் நம் பள்ளி வளாகத்தில் இழைப்புளியின் ஓசை தொடர்ந்து ஒலிப்பதாக!